நர்சம்மா குளித்தாரா?

எங்கள் ஊரில் தாய் சேய் நல விடுதி இருந்தது பெரியப்பாவின் பருத்திக் கிடங்கில். அன்னூர் சாலையிலிருந்து பிரிந்து வரும் எங்கள் வீதியின் முதல் கட்டடம் அதுதான். நர்சை அனுப்ப அரசாங்கம் தயார், இடம் யார் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, பெரியப்பா கிடங்கின் தெருப்பக்கத்து அறைகள் இரண்டைக் காலி செய்து வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டார். பெயர்ப்பலகையில் 'ஊர்ப் பொதுமக்களுக்கு' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னவரும் அவர்தான்.

அந்த வரிக்குள் யார் யார் அடக்கம் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. ஊரை ஒரு பள்ளம் இரண்டாகப் பிரித்திருந்தது. மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடுகிற ஓடையைத்தான் எங்கள் பக்கத்தில் பள்ளம் என்போம். இந்தப் பக்கம் எங்கள் வீதி, கோயில், பள்ளிக்கூடம், கிணறுகள். அந்தப் பக்கம் தெற்கு வளவு. எங்கள் தோட்டத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் வீடு அங்கேதான். அவர்கள் எங்கள் வீதிக்குள் நேராக வருவதில்லை. அதனால் விடுதிக்குப் பின்புறம், மாடுகள் போகும் சந்தில், அவர்களுக்கென்று ஒரு கதவு வைத்திருந்தார்கள். நிறைமாத வயிற்றோடு சாணிச் சந்தில் வழுக்கி விழுவதைவிட வீட்டிலேயே பெற்றுக்கொள்வது மேல் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். ஒருவரும் வரவில்லை. பெரியப்பாவுக்கு அதில் உண்மையாகவே வருத்தம். "நாம வேண்டாங்கலியே, கதவு வெச்சிருக்குதல்லோ" என்பார்.

அவர்கள் வராததால் நர்சம்மா பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போகத் தொடங்கினார். போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர் அவர். இருபத்தைந்து வயது இருக்கலாம், அல்லது என் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கலாம். பெரியப்பா தடுக்கவில்லை. ஒரே ஒரு ஏற்பாடு மட்டும் செய்தார். பள்ளத்தின் இந்தக் கரையில் எங்கள் தோட்டத்துக் கிணறும் தொட்டியும் இருந்தன. தெற்கு வளவில் பிரசவம் பார்த்துவிட்டு வரும்போது அந்தத் தொட்டியில் தலைக்குக் குளித்து, புடவை மாற்றிக்கொண்ட பிறகே வீதிக்குள் வரவேண்டும். மோட்டார் அறை ஆணியில் நர்சம்மாவின் மாற்றுப் புடவை ஒன்று எப்போதும் தொங்கும். பிரசவத் தீட்டு என்பது பெரியப்பா சொன்ன காரணம். ஆனால் எங்கள் வீதியில் ஒரு வீட்டில் பிரசவம் பார்த்தால் கைகால் கழுவினால் போதும். "தீட்டுக்குக்கூட எந்த வீதின்னு தெரியுமாட்டம் இருக்குதுங்க" என்று நர்சம்மா ஒருநாள் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. உடனே நான் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து அதை அடக்கிக்கொண்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா நிறைமாதம். எனக்கும் அந்தக் குழந்தைக்கும் நடுவே இன்னொரு குழந்தை வந்து, பிறந்த அன்றே போய்விட்டிருந்தது. அது நர்சம்மா வருவதற்கு முன்னால். கொடி சுற்றிக்கொண்டது என்றார்கள். என்ன கொடி, எங்கே சுற்றியது என்று கேட்ட என்னைப் பெரியம்மா விளையாடப் போகச் சொன்னார். இந்தத் தடவை அம்மா ஒரே பிடிவாதமாக இருந்தார்: நர்சம்மா பக்கத்தில் இல்லாமல் பெற்றுக்கொள்ள மாட்டேன் என்று. இதிலெல்லாம் பிடிவாதம் பிடிக்க முடியுமா என்று பெரியம்மா கேட்டார். முடியும் என்றார் அம்மா.

எங்கள் கொட்டகையில் சாணி எடுத்துக் கூட்டிப் பெருக்குகிற ரங்கிக்கும் அதே மாதம்தான். அம்மா சமையலறைப் பின்வாசற்படியில் உட்கார்ந்திருப்பார், ரங்கி கூடையோடு கீழே நிற்பாள். இருவரும் வயிற்றை ஒப்பிட்டுப் பேசிக்கொள்வார்கள். "உங்களுது மேல தூக்கிட்டு இருக்குதுங்க அம்மணி, பையன்தான்" என்பாள் ரங்கி. "உன்னுது?" என்று அம்மா கேட்டால், "எனக்கெங்கீங்க பாக்க நேரம்? வந்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது" என்பாள். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. தெற்கு வளவிலும் வீட்டுப் பேச்சு தெலுங்குதான். ஆனால் அம்மாவும் ரங்கியும் தமிழில்தான் பேசிக்கொண்டார்கள். அது ஏன் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ரங்கியை 'அவள்' என்றும் நர்சம்மாவை 'அவர்' என்றும் எழுதிக்கொண்டு வருகிறேன். ஒன்பது வயதில் நான் ரங்கியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், என் தாய் வயது இருந்த அவள் என்னை அம்மணி என்றாள். கை அப்படிப் பழகிவிட்டது. இனி மாற்றி எழுதிப் பார்க்கிறேன்.

மார்கழி மாதம், பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. அன்று காலையில் ரங்கி வேலைக்கு வரவில்லை. விடியும்போதே நர்சம்மாவைத் தெற்கு வளவுக்கு அழைத்துப் போய்விட்டார்கள் என்று பால் கறக்க வந்தவர் சொன்னார். அப்பாவும் பெரியப்பாவும் பருத்திச் சந்தைக்குப் போயிருந்தார்கள். ஒன்பது மணி இருக்கும், அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சொல்லியிருந்த நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

பெரியம்மா அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் சொன்னவை மூன்று. பள்ளத்துக் கரையில் நின்று நர்சம்மாவைக் கூப்பிட வேண்டும். கரையைவிட்டுக் கீழே இறங்கக் கூடாது. குளித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். நான் சொன்னதைச் செய்கிற பிள்ளை. மூன்றையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓடினேன். அறைக்குள்ளிருந்து அம்மா "நா வல்ல காது, நா வல்ல காது" என்று சொல்வது வாசல்வரைக்கும் கேட்டது. என்னால் முடியாது, என்னால் முடியாது.

கரையில் நின்று கூப்பிட்டேன். தெற்கு வளவுப் பெண்கள் எதிர்க்கரையில் வந்து நின்று, எங்கள் வீதியைப் பார்த்து யாரையாவது கூப்பிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தண்ணீருக்காக, காய்ச்சலுக்கு மருந்துக்காக. அவர்கள் நெடுநேரம் நிற்பார்கள். அப்படி நின்றால் எவ்வளவு நேரத்துக்கு ஒருவருக்கும் கேட்காது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் குரல் பள்ளத்திலேயே விழுந்தது. கடைசியில் ஒரு பெரியவர் ஆட்டுக்குத் தழை ஒடித்தபடி வந்தார். ரங்கியின் மாமனார். நான் சொன்னதைக் கேட்டுப் போனவர், திரும்பி வந்து கைகட்டிச் சொன்னார்:

"தலை தெரியுதாமுங்க. இப்ப உட்டுப்போட்டு வரமுடியாதுன்னு சொன்னாங்க. சித்த நேரம் பொறுத்துக்கச் சொன்னாங்க அம்மணி."

சித்த நேரம் என்றால் எவ்வளவு? நான் நூறுவரை எண்ணினேன். மறுபடி நூறு. அம்மாவுக்கு வலி எத்தனை எண்ணிக்கைக்கு ஒருமுறை வருகிறது என்று வீட்டில் எண்ணிப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்று பயம் வந்தது. மூன்றாவது நூறில் இறங்கிவிட்டேன். பெரியவர் பதறிப்போய், "வேண்டாமுங்க, வையுவாங்க" என்று என் முன்னால் பின்பக்கமாகவே நடந்தார். என்னைத் தொட்டுத் தடுக்க அவரால் முடியாது. அதனால் நான் போய்க்கொண்டே இருந்தேன்.

ரங்கியின் வீடு தாழ்வானது. வாசலில் பெண்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றார்கள். உள்ளே இருட்டு. ரங்கியின் குரல் மட்டும் வந்தது. "அம்மா, நா வல்ல காது, நா வல்ல காது." நான் அப்படியே நின்றுவிட்டேன். அரைமணி நேரத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு அறையிலிருந்து கேட்ட அதே சொற்கள், அதே மாதிரி இழுத்து. அம்மாதான் எப்படியோ இங்கே வந்துவிட்டாரோ என்று ஒரு நொடி நினைத்தேன்.

பிறகு ஒரு குழந்தை அழுதது.

நர்சம்மா வெளியே வர இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. நஞ்சுக்கொடி விழாமல் வரக் கூடாதாம். வந்தவர் முகமெல்லாம் வியர்வை, அந்த மார்கழிக் குளிரில். ரங்கியின் மாமியாரிடம் வயிற்றை எப்படித் தேய்த்துவிட வேண்டும் என்று காட்டினார். ரத்தம் கூடுதலாகப் போனால் உடனே ஆள் அனுப்பச் சொன்னார். "ஆரை அனுப்பினாலும் கரையில நின்னு கத்தீட்டு இருக்க வேண்டாம். நேரா எங்கிட்ட வரச்சொல்லுங்க" என்றார். அங்கிருந்தவர்களின் கண்கள் என்மேல் வந்து போயின.

பள்ளத்தில் இறங்கி ஏறி, தொட்டி அருகே வந்தபோது நர்சம்மா நின்றார். தண்ணீர் அசையாமல் பனியில் கிடந்தது. அவருடைய பின்னல் இடுப்புவரை வரும். அதை அவிழ்த்து, குளித்து, துவட்டி, புடவை மாற்றினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவரும் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"அம்மாவுக்கு வலி உட்டு உட்டு வருதா, உடாம வருதா கண்ணு?"

"உடாமங்க."

"அப்ப நீயே சொல்லு. நாங் குளிக்கட்டுமா, போகட்டுமா?"

பெரியவர்கள் குழந்தைகளிடம் இப்படிக் கேட்கக் கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். குளிக்க வேண்டும் என்பது பெரியம்மா சொன்னது. அம்மாவிடம் போக வேண்டும் என்பது எனக்கு வேண்டியது. இரண்டில் எதை மீறினாலும் பாவம். நான் மோட்டார் அறையிலிருந்த செம்பை எடுத்துத் தொட்டியில் மொண்டேன். "தலையக் குனியுங்க" என்றேன். நர்சம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துக்கொண்டே குனிந்தார். உச்சந்தலையில் அரைச் செம்பு ஊற்றினேன். முன்நெற்றி முடியிலும் கொஞ்சம் தடவிவிட்டேன். பெரியம்மாவுக்குச் சற்றுத் தூரப்பார்வை மட்டு. தலையைத்தான் பார்ப்பார், முதுகைப் பார்க்க மாட்டார். புடவையை மட்டும் நர்சம்மா மளமளவென்று மாற்றிக்கொண்டார்.

பெரியம்மா வாசலிலேயே நின்றார். கேள்வி என்னிடம்தான் வந்தது.

"நர்சம்மா குளிச்சாச்சா?"

"ஆச்சுங்க பெரியம்மா."

அதுதான் எனக்கு நினைவு தெரிந்து நான் சொன்ன முதல் பெரிய பொய். நர்சம்மா நிற்காமல் உள்ளே போனார். சுடுதண்ணீரும் சோப்பும் கேட்டு, முழங்கைவரை நுரைக்க நுரைக்கத் தேய்த்துக் கழுவினார். நகத்துக்கு அடியில் தேய்க்கத் தனியாக ஒரு சின்ன பிரஷ் வைத்திருந்தார். பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இப்போதுதானே முழுகிவிட்டு வந்தாய், மறுபடியும் என்ன கழுவல், நேரமாகவில்லையா என்று முணுமுணுத்தார். நர்சம்மா என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

கதவு சாத்தப்பட்டது. நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் சத்தம் உயர்ந்து, நின்றது. அதற்குப் பிறகு வரவேண்டிய சத்தம் வரவில்லை. உள்ளே தட்டுகிற ஓசையும் நர்சம்மா வேகமாக ஏதோ சொல்வதும் கேட்டன. நான் எண்ணத் தொடங்கினேன். இருபத்தாறு எண்ணியபோது, கோழிக்குஞ்சின் குரல் போல மெல்லியதாக ஓர் அழுகை வந்தது. பெரியம்மா வெளியே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் இரண்டு சுற்றுக் கொடி இருந்ததாம். குழந்தை நீலம் பூத்து வந்ததாம். நர்சம்மா கொடியை விரலால் எடுத்துத் தலைக்கு மேலாகக் கழற்றினாராம். வாயில் வாய் வைத்து ஊதினாராம். இன்னும் கால்மணி தள்ளி வந்திருந்தால் இதுவும் இல்லை என்று, யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டார். எனக்குத் தம்பி பிறந்திருந்தான்.

பிற்பகலில் நர்சம்மா மறுபடி பள்ளம் தாண்டிப் போய் ரங்கியைப் பார்த்தார். திரும்பும்போது முறைப்படி தலை முழுகிவிட்டு வந்தார். அப்போது யாருக்கும் அவசரம் இல்லை.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. மூன்றாம் நாள் தம்பியின் உடம்பு இலேசாக மஞ்சளாகத் தெரிந்தது. பிறந்த குழந்தைகள் பலவற்றுக்கும் இப்படி ஆகும், இளவெயில் காட்டினால் சரியாகிவிடும் என்றார் நர்சம்மா. நான் நம்பவில்லை. அரைச் செம்புத் தண்ணீரின் பலன் இது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இன்றைக்கு நானும் ஒரு தாய், என் குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம். அவளுக்கும் மூன்றாம் நாள் மஞ்சள் வந்தது. படித்தவள், காரணம் தெரிந்தவள், ஆனாலும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன தப்புச் செய்தேன் என்றுதான் முதலில் யோசித்தேன். அடுத்த கட்டிலில் பிள்ளை பெற்றிருந்த பெண்ணிடம் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்க வாயெடுத்து, நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன். எதற்காகக் கேட்க வந்தேன் என்பது எனக்கே சரியாகத் தெரியவில்லை. அல்லது தெரியும்.

அந்த ஒன்பது வயதில், தாங்க முடியாமல் அன்றே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார். "வலியில அவங்க முதுகத்தான புடிச்சிட்டிருந்தேன். முழுகினவங்க பின்னல் அப்படியா காஞ்சு கெடக்கும்?"

அடி விழவில்லை. அம்மா என் தலையில் கை வைத்து வேறொன்று கேட்டார்:

"ரங்கிக்கு என்ன கொழந்தை?"

அந்த வாசலில் நின்றிருக்கிறேன், குழந்தை அழுததைக் கேட்டிருக்கிறேன். ஆணா பெண்ணா என்று கேட்கத் தோன்றவில்லை. அம்மா என் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

பத்தாம் நாள் ரங்கியே வேலைக்கு வந்துவிட்டார். அம்மா நாற்பது நாள் அறையைவிட்டு இறங்கக் கூடாது. ரங்கிக்குப் பத்தாம் நாளே சாணிக்கூடை. பெண் குழந்தையாம், நன்றாக இருக்கிறதாம். ஜன்னலுக்கு வெளியே நின்றபடி, உள்ளே கட்டிலில் இருந்த அம்மாவோடு நெடுநேரம் பேசினார். நான் பக்கத்திலேயே பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தேன். வளவில் யார் யாருக்கு எந்த மாதம் என்று அம்மா கேட்டார், ரங்கி விரல் மடக்கிச் சொன்னார். தையில் ஒருத்தி, மாசியில் இரண்டு பேர். ஒவ்வொரு தடவையும் நர்சம்மா அந்தப் பனித் தண்ணீரில் முழுகியாக வேண்டுமே என்றார் அம்மா. பொம்பளைகள் பேச்சு என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் தம்பியைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டினார்கள். நர்சம்மா அவனைப் பார்க்க வந்தவர், புகை மூக்கில் ஏறி இரண்டு தும்மல் போட்டார். வெளிக்கூடத்தில் பெரியப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கணவரின் அண்ணனிடம் அம்மா நேராகப் பேசமாட்டார். முன்னால் வந்து நிற்கவும் மாட்டார். அவர்கள் இருவருக்கும் நடுவே எப்போதும் நான்தான் பாலம். இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும், தூரம் நான்கு முழம்தான். இருந்தாலும் ஒவ்வொரு சொல்லையும் நான் மறுபடி சொல்லியாக வேண்டும். நடுவில் ஒரு கதவு பாதி சாத்தியிருக்கும்.

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"பெரியப்பாகிட்டச் சொல்லு. நர்சம்மாவுக்குச் சளி புடிச்சிருக்குது. எம் பிரசவத்துக்கு வர்றப்ப அந்தத் தொட்டித் தண்ணியில முழுகிட்டு வந்தாங்கல்ல, அதுதான். இந்தத் தும்மல் பச்சக்கொழந்தைக்கு ஒட்டுச்சுன்னா என்ன பண்றது? ஏற்கெனவே ஒண்ணு போயிருக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நர்சம்மா அப்போது முழுகவே இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். தும்மல் சாம்பிராணிக்கு வந்தது என்பதும் தெரியும். 'அவங்க குளிக்கலியே' என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கதவிடுக்கில் அம்மாவின் கண் தெரிந்தது. அதைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன். பெரியப்பா பக்கம் திரும்பி, ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். நர்சம்மா தம்பியின் தொட்டில் துணியை வெகு கவனமாக மடித்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இறந்துபோன குழந்தையைப் பள்ளத்தோரம் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார்.

"உங்கம்மாகிட்டச் சொல்லு" என்றார். "இனிமே கைகால் கழுவீட்டு வந்தாப் போதும். பனிக்காலத்துக்கு மட்டுமில்ல, எப்பவும். ஆராவது கேட்டா நாஞ் சொன்னேன்னு சொல்லச் சொல்லு."

அதையும் அம்மாவிடம் திரும்பச் சொன்னேன். அம்மா சரி என்றார். அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

சந்துக் கதவு அதற்குப் பிறகும் பல வருஷம் அங்கேயேதான் இருந்தது. ஒரு சொல்லில் எல்லாம் மாறிவிடவில்லை. ஆனால் மோட்டார் அறை ஆணியிலிருந்த புடவையை நர்சம்மா அன்றே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அம்மாவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, எனக்காகத்தானே பொய் சொன்னாய் என்று ரகசியமாகக் கேட்டேன். என் பொய்யை மறைக்க அம்மா அதைவிடப் பெரிய பொய்யைச் சொல்லியிருக்கிறார், என்னை அவ்வளவு பிடிக்கும் அம்மாவுக்கு என்று அன்று முழுவதும் எனக்கு ஒரே பூரிப்பு. அம்மா தம்பியை மார் மாற்றிப் போட்டுக்கொண்டார். அவர் உதடுகள் அசைந்தன. விரலை மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்: தையில் ஒன்று, மாசியில் இரண்டு.

"ஆமா கண்ணு, உனக்காகத்தான்" என்றார்.

நான் நம்பினேன்.